தெற்கில் குருநானக்: தடம் தேடும் ஆய்வும் தவறவிட்ட உறவும்

குருநானக் (1469–1539) தமிழ்நாட்டுக்கு வந்தாரா என்ற கேள்வியில்தான் இங்கே அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. பல நேரம் அங்கேயே நின்றும் விடுகிறது. அவர் தெற்கே நடந்து சிங்களத்தீவு வரை போனதாக அவர் வாழ்வைச் சொல்லும் ஜனம்சாகிக் கதைகள் சொல்கின்றன. இராமேசுவரத்துக் குருத்துவாரா அந்த நம்பிக்கையில் எழுந்தது. ஆனால் அவை அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் உருப்பெற்ற கதைகள். அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர் மெக்லியட், 1968இல் வெளியிட்ட நூலில் இலங்கைப் பயணத்தை ஏற்க மறுத்தார். சீக்கிய அறிஞர்கள் பலர் அவரோடு கடுமையாக மோதினார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

தமிழ் இலக்கியத்தில் சீக்கியம் நுழைந்தது வேறு வாசல் வழியாக. கவிஞர் பாரதி, சீக்கியரின் பத்தாம் குருவைப் பற்றி ‘குரு கோவிந்தர்’ என்ற கவிதையைப் பாடினார். பாரதியை ஈர்த்தது 1699இல் கால்சா என்ற சீக்கியச் சமூகம் பிறந்த வீரக் காட்சி. அடிமைப்பட்ட நாட்டுக்கு அன்று வாளேந்திய குரு தேவைப்பட்டார்; கர்த்தார்பூரில் ஏர் பிடித்த குருநானக் பின்னுக்குப் போனார்.

மூன்றாவது வழி, நானக்கைச் சித்தர்களோடு சேர்த்துப் படிப்பது. குற்றால மலையைச் சித்தர் பூமி என்று கொண்டாடும் ஊர்க்காரர்களுக்கு இது இனிக்கும். சாதியையும் வெற்றுச் சடங்கையும் நானக்கும் சித்தர்களும் சாடினார்கள், சரிதான். ஆனால் தாம் பாடிய ‘சித்த கோஷ்டி’யில் நானக் சித்தர்களோடு வாதாடுகிறார். அந்தச் சித்தர்கள் தமிழ்ச் சித்தர்கள் அல்லர், வட நாட்டு நாத யோகிகள். காடு மலை ஏறுவது எதற்கு, குடும்பத்தில் இருந்துகொண்டே பற்றறுக்கலாமே என்பது அவர் கட்சி. உழைத்து உண், பகிர்ந்து உண், இறைப்பெயரை நினை: அவர் போதனையை இந்த மூன்றில் அடக்குவது சீக்கிய மரபு. லங்கர் என்ற பொது உணவுக்கூடத்தில் அரசனும் கூலியாளும் ஒரே வரிசையில் தரையில் உட்கார வேண்டும் என்ற ஏற்பாடு இதிலிருந்து வந்தது.

அப்படிப் பார்த்தால் நானக்குக்கு நெருங்கிய உறவு குகையில் இல்லை, தறியில் இருக்கிறது. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா நெசவு செய்து பிழைத்தவர் என்பது மரபு. தக்கலையில் ஆண்டுதோறும் விடிய விடிய ஓதப்படும் ‘ஞானப் புகழ்ச்சி’ அவர் பாடியது. சீக்கியரின் புனித நூலான ஆதிகிரந்தத்திலும் நெசவாளி கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், சூஃபி பரீத் ஆகியோரின் பாடல்கள் குருமார் பாடல்களோடு இடம்பெற்றுள்ளன. கைத்தொழிலும் பாட்டும் ஒன்றான இந்த மரபில் அப்பாவையும் நானக்கையும் அருகருகே வைத்து விரிவாக எழுத இடமிருக்கிறது.

நானக் இந்தப் பக்கம் வந்தாரா என்பதைச் சான்று தீர்மானிக்கட்டும். அவர் வராமலே போயிருந்தாலும் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு குறையும் இல்லை.