பிராடக் நூலகத்தின் குளியலறை

பிட்ஸ்பர்க் பக்கம் வேலைக்கு வரும் தமிழர்கள் முதல் மாதத்திலேயே பென் ஹில்ஸ் குன்றிலிருக்கும் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவார்கள். நானும் போனேன். புளியோதரை நன்றாக இருக்கும். அங்கிருந்து ஆற்றை நோக்கிக் கொஞ்ச தூரம் காரில் இறங்கினால் பிராடக் என்று ஒரு ஊர் உண்டு. அதற்குப் போகச் சொல்லி என்னிடம் யாரும் சொன்னதில்லை. 1920-ல் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 1,721 பேர். கடைத்தெருவில் பாதிக் கட்டடங்கள் இல்லை. இருந்த இடத்தில் புல். தெருக்கோடியில் எட்கர் தாம்சன் எஃகு ஆலை மட்டும் 1875-லிருந்து இன்றுவரை புகைந்துகொண்டிருக்கிறது.

நான் அங்கே போகக் காரணம் ஒரு நாவல். தாமஸ் பெல் எழுதி 1941-ல் வந்த ‘அவுட் ஆஃப் திஸ் ஃபர்னஸ்’. ஸ்லோவாக்கியக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை, பெரும்பாலும் பிராடக்கில் நடப்பது. பெல்லும் அந்த ஊரில் பிறந்தவர்தான். படித்து முடித்ததும் மேப்பில் ஊரைத் தேடினேன். ஆபீஸிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். நாவலைத் தேடிப் போனவன் நூலகத்தின் முன்னால் நின்றுவிட்டேன்.

கோட்டை மாதிரி கருங்கல் கட்டடம், ஓரத்தில் ஒரு கோபுரம். ஆண்ட்ரூ கார்னகி அமெரிக்காவில் கட்டிக்கொடுத்த முதல் நூலகம் இது. 1889 மார்ச்சில் திறக்கப்பட்டது. பிறகு 1,600-க்கும் மேல் அவர் பணத்தில் எழுந்தன. இதற்குள் புத்தக அறை மட்டும் இல்லை. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், பில்லியர்ட்ஸ் மேசைகள், 964 இருக்கைகளோடு ஓர் இசை அரங்கு. எல்லாவற்றுக்கும் கீழே, நிலவறையில், ஆலைத் தொழிலாளிகளுக்கான குளியலறை.

எனக்கு அந்தக் குளியலறைதான் மனதில் ஒட்டிக்கொண்டது. நூலகத்துக்கு எதற்குக் குளியலறை என்று நம் ஊரில் கேட்போம். உலை முன்னால் நின்றுவிட்டு வருகிறவன் கரியும் வியர்வையுமாக வருவான், வீட்டில் குழாய் கிடையாது, குளித்தால்தான் புத்தகத்தைத் தொட முடியும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் தொழிலாளியின் உடம்பைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். அதை மறுக்க முடியாது. அந்த உடம்பு எத்தனை மணி நேரம் உலை முன்னால் நின்றது என்பது அடுத்த கேள்வி. எட்கர் தாம்சன் ஆலையில் சில வருடங்கள் எட்டு மணி நேர ஷிஃப்ட் நடைமுறையில் இருந்தது. 1888-ல் கார்னகி அதை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். எதிர்த்தவர்களை வெளியே நிறுத்திக் கதவடைப்பு, காவலுக்குப் பிங்கர்ட்டன் ஆட்கள். அதற்கு அடுத்த வருடம் நூலகம் திறக்கிறார். 1892-ல் ஆற்றுக்கு அக்கரையில் ஹோம்ஸ்டெட் வேலைநிறுத்தம் ரத்தத்தில் முடிந்தது. 1898-ல் அங்கேயும் ஒரு நூலகம். பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெல்லின் நாவலைப் படித்தவர்களுக்கு இது செய்தியாக இருக்காது. ஷிஃப்ட் மாறும் ஞாயிறுகளில் இருபத்துநான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை. இரவு ஷிஃப்ட்காரன் எழுந்து போன கட்டிலில் பகல் ஷிஃப்ட்காரன் வந்து விழுவான், மெத்தை ஆறவே ஆறாது. அந்தக் காலத்து ஆலை ஊர்களில் இதுதான் வாழ்க்கை. நாவலின் இரண்டாம் தலைமுறை ஆள் மைக். யோசிக்கத் தெரிந்தவன், இதைவிட நல்லதாக ஏதோ இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன், ஊதுலை விபத்தில் சாகிறான். நாவலின் மிகச் சிறந்த பகுதி அவனுடையது. பேரன் காலத்தில் தொழிற்சங்கம் வென்றபின் நாவல் கொஞ்சம் துண்டுப்பிரசுரம் மாதிரி ஆகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பெல் ஆசைப்பட்டுவிட்டார், பாவம். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு என்னிடம் தங்கியது வெற்றியில்லை, தூக்கம். யாருக்குமே போதுமான தூக்கம் கிடைக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகக் கட்டிய வாசக சாலையில் அவர்கள் எப்போது வந்து உட்கார்ந்திருப்பார்கள்?

இனி கட்டடத்தைக் காப்பாற்றிய கதை. நம் ஊர்களில் மரபுக் கட்டடம் பற்றிப் பேசுகிறவர்கள் (நானும் பேசியிருக்கிறேன்) முதலில் கேட்பது பட்டியலில் சேருங்கள் என்பதைத்தான். அரசு ஒரு பலகை வைத்துவிட்டால் கட்டடம் பிழைத்துவிடும் என்று நம்புகிறோம். பிராடக் நூலகம் 1973-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1974-ல் மூடப்பட்டது. கூரை ஒழுகியது, இடிக்கும் பேச்சு எழுந்தது. பட்டியலில் பேர் இருந்தது, அவ்வளவுதான். பக்கத்து ஊரான டியூக்கேனில் இருந்த கார்னகி நூலகத்தை 1968-லேயே இடித்துவிட்டார்கள். இதற்கும் அதே கதி என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

காப்பாற்றியது அதன் கடைசி நூலகர். 1978-ல் ஊர்க்காரர்கள் சிலரைச் சேர்த்து ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்கி, ஒரு டாலர் கொடுத்துக் கட்டடத்தை வாங்கினார். அந்த ஒரு டாலரைத்தான் எல்லோரும் சொல்வார்கள், கதைக்குச் சுவையான இடம். நான் அதற்கு அடுத்த தகவலில்தான் நிற்பேன். 1983-ல் நூலகம் மறுபடி திறந்தபோது திறந்தது ஓர் அறை மட்டும், குழந்தைகள் அறை. கோபுரத்தைச் சரிசெய்யவில்லை, இசை அரங்கைத் தொடவில்லை, முகப்பைக் கழுவி விளக்குப் போடவில்லை. குழந்தை வந்து உட்கார்ந்து படம் பார்க்க ஓர் அறை. மற்ற அறைகள் இருட்டில் கிடந்தன.

என் தொழிலில் இதைச் செய்யப் பழகியவர்கள் குறைவு. இருபது வருடப் பழைய கோடு ஒன்று கையில் வந்தால், ஒன்று மொத்தமாகத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதுவோம் என்போம், இல்லை யாரும் தொடாதீங்க என்று சுற்றி வேலி கட்டுவோம். ஒரே ஒரு வசதியை ஓடவைத்து, அதை நாலு பேர் தினமும் பயன்படுத்தவைத்து, அவர்கள் முறையிட முறையிட அடுத்ததைத் திறப்பது என்பதற்குப் பொறுமை வேண்டும். மேலாளருக்குக் காட்டப் படமும் இருக்காது. உவமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். கட்டடம் மென்பொருள் இல்லை, மழை பெய்தால் ஒழுகும்.

பிற்பாடு அறைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. குளியலறை மட்பாண்டக் கூடமானது. ஈரம் தாங்கும் தரையும் தண்ணீர் போக வழியும் ஏற்கெனவே இருந்த இடம், களிமண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது? 2013-ல் பிட்ஸ்பர்க்கில் நடந்த கார்னகி இன்டர்நேஷனல் கலைக் கண்காட்சியை ஒட்டி, பிராடக்கில் இயங்கிய ஒரு கலைஞர் குழு நூலகத்தில் ஓவியங்களை இரவல் கொடுக்கும் பகுதியைத் தொடங்கியது. நூலக அட்டையைக் காட்டி ஓவியத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டிவைத்து, தவணை முடிந்ததும் திருப்பித் தரலாம். முதலில் கேட்டபோது இதெல்லாம் கலைஞர்களின் விளையாட்டு என்று நினைத்தேன். கடை கண்ணி போய்விட்ட ஊரில் ஒருவர் ஓவியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்து போவதை யோசித்துப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. அப்படித்தான் பல கட்டுரைகளும் நிறுத்துகின்றன: ஆலை ஊர் வீழ்ந்தது, நூலகம் எழுந்தது, கலை வந்தது. இந்தக் கதையை என்னால் நிம்மதியாகச் சொல்ல முடியாதபடி செய்த புத்தகம் லாடோயா ரூபி ஃப்ரேசியரின் ‘தி நோஷன் ஆஃப் ஃபேமிலி’. 2014-ல் வந்த புகைப்பட நூல். ஃப்ரேசியர் பிராடக்கில் 1982-ல் பிறந்தவர். பாட்டி, அம்மா, தான் என்று மூன்று பெண்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே போகிறார். பெல்லின் மூன்று தலைமுறைக்கு இது மறுபக்கம். அங்கே ஆலைக்குள் ஆண்கள். இங்கே ஆலைப்புகையை மூச்சாக இழுத்து, வீட்டுக்குள் நோயோடு இருக்கும் கறுப்பினப் பெண்கள். 2010-ல் ஊரின் மருத்துவமனை மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. ஃப்ரேசியர் அதைப் படங்களாகப் பதிவுசெய்கிறார். அதே 2010-ல் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் உழைப்பாளிகளின் ஊர் என்று பிராடக்கில் விளம்பரம் எடுத்தது. ஃப்ரேசியர் அந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு நியூயார்க் நடைபாதையில் உடம்பைத் தேய்த்துத் துணியைக் கிழித்து எதிர்ப்புக் காட்டினார்.

அந்தப் புத்தகத்தைப் படித்தால் நூலகம் காப்பாற்றப்பட்டதில் முன்பு வந்த சந்தோஷம் அப்படியே வராது. ஒரே ஊரில் இரண்டு பொதுக் கட்டடங்கள். ஒன்றுக்குக் கோபுரமும் நூறு வருட வரலாறும் இருந்தன. அது 2012-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதிவரை போனது. இன்னொன்றில் ஊரே நோய்க்குப் போய்ப் படுத்தது, ஆனால் அதைப் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். எது மரபு என்று முடிவுசெய்வது கல்லின் வயதா? நூலகத்தை விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூலகத்தைக் காப்பாற்றிய கைகளும் மருத்துவமனையை மூடிய கைகளும் வேறு வேறு. ஆனால் வெளியூரிலிருந்து கேமராவோடு போகும் என்னைப் போன்றவன் எந்தக் கட்டடத்தின் முன் நின்றேன் என்பது என்னைப் பற்றிய தகவல்.

கார்னகி பிற்காலத்தில் நூலகங்களுக்குப் பணம் தந்த விதம் வேறு. பெரும்பாலும் குளியலறையும் கிடையாது, நீச்சல் குளமும் கிடையாது. ஊர் நிலம் தர வேண்டும். கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் ஊரே வரியிலிருந்து ஒதுக்கி நூலகத்தை நடத்த வேண்டும். இந்த நிபந்தனையால் வேண்டாம் என்ற ஊர்களும் உண்டு. சுவரை விட நிபந்தனைதான் அறிவுள்ள பகுதி என்று எனக்குத் தோன்றும். கட்டுவது ஒருநாள் கூத்து, கரண்ட் பில் மாதாமாதம் வரும். நம்மிடமும் இதைப் போல ஒன்று உண்டு. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்க வழி செய்தது. இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. வசூலித்த நூலக வரியை நூலகத்துக்குத் தராமல் உள்ளாட்சிகள் பாக்கி வைத்திருப்பது அவ்வப்போது பத்திரிகையில் வரும். யாரும் அதற்காகக் கையெழுத்து இயக்கம் நடத்திப் பார்த்ததில்லை.

கையெழுத்து இயக்கம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தைப் பழைய ஓட்டுக் கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மரத்தூண், உயரமான ஜன்னல், நான் முதன்முதலில் கதைப்புத்தகம் எடுத்த இடம். மனு எழுதியது நான்தான். ‘நம் நினைவுகளின் மீது புல்டோசர்’ என்றெல்லாம் வரும். முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டோம், அதில் பாதிப் பேர் வெளிநாட்டில். ஒரு வாரம் கழித்து நூலகர் என் நம்பரை வாங்கி அழைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“தம்பி, நீங்க கடைசியா எப்ப உள்ள வந்தீங்க?”

“ப்ளஸ் டூ படிக்கிறப்ப மேடம்.”

“சரி. இப்ப இங்க குரூப் ஃபோருக்குப் படிக்கிற பிள்ளைங்க காலையில வந்தா சாயந்திரம் வரைக்கும் இருக்கு. அதுல முக்கால்வாசி பொம்பளப் பிள்ளைங்க. இங்க பாத்ரூம் கிடையாது தம்பி. தண்ணி குடிக்காம உக்காந்திருக்குதுங்க. புதுசுல பாத்ரூம் இருக்கு.”

எனக்கு அப்போது பிராடக் தெரியாது. மன்னிப்புக் கேட்டு மனுவைத் திரும்பப் பெற்றேன் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் செய்யவில்லை, ‘பழசையும் விட்டுடாம இருந்தா நல்லாருக்கும் மேடம்’ என்று இழுத்துவிட்டு போனை வைத்தேன். நூலகம் மாறிவிட்டது. பழைய கட்டடம் இடிக்கப்படவில்லை, பூட்டிக் கிடக்கிறது. அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார், எதை வைத்து என்று இன்னொருவர் கேட்டார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. பிராடக் போய் வந்தபின் நானும் ஒரு யோசனை சொன்னேன்: முன்னறை ஒன்றை மட்டும் ஓட்டை மாற்றி, பின்னால் ஒரு கழிப்பறை கட்டி, மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்துவைக்கலாம், மற்றதை அப்புறம் பார்க்கலாம். மாதம் என்ன செலவாகும் என்று நூலகரையே கேட்டேன். திறக்க ஓர் ஆள், கரண்ட், கூட்டித் துடைக்க ஓர் அம்மா என்று தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். முந்நூறு பேரில் பதினோரு பேர் மாதாமாதம் தருகிறேன் என்றிருக்கிறார்கள். போதாது.

போன தடவை ஊருக்குப் போனபோது புது நூலகத்துக்குப் போயிருந்தேன். உட்கார இடமில்லை, வராந்தாவிலும் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைச் சாவி நூலகர் மேசையில், ஒரு பெரிய மரக்கட்டையில் கட்டிக் கிடந்தது.

“பூட்டி வைக்கலைன்னா பஸ் ஸ்டாண்டு மொத்தமும் இங்கதான் வரும் தம்பி” என்றார்.