கரையும் விளிம்புகள்

கணினித் திரையில் சித்திரம் எழுதுவோருக்கு வாய்த்துள்ள வசதிகளுள் மிகவும் அபாயகரமானது, நினைத்த மாத்திரத்தில் எந்தக் கோட்டையும் கூர்மையாக்கிக்கொள்ளும் வசதியே என்பது என் அபிப்பிராயம். காகிதத்தில் எழுதுகிறவனுக்கு நீரும் வர்ணமும் தாமாகவே ஓரிடத்தில் பரவி, ஓரிடத்தில் கலங்கி, அவன் கேளாமலே விளிம்புகளைக் கரைத்துக் கொடுக்கும். ஸ்டைலஸைப் பிடித்தவனுக்கு அந்தக் கிருபை கிடையாது. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, இலைக்கு இலை, மயிருக்கு மயிர் வரம்பு கட்டிக்கொண்டே அவன் போகலாம். அப்படி வெகு பிரயாசையோடு முடித்த சித்திரத்தைச் சற்றுத் தள்ளி நின்று நோக்கினால், முகமும் மரமும் மலையும் ஒரே சமயத்தில் உரத்துப் பேசுவதால், எதைப் பார்ப்பதென்று தெரியாமல் கண் தடுமாறுகிறது. விழித்திரையின் மத்தியிலுள்ள ஒரு சிறு குழிவில்தான் நமக்குக் கூரிய பார்வை அமைந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ளதெல்லாம் நிறமும் திரளும் அசைவுமாக மட்டுமே புலப்படுவது. எங்கும் கூர்மையாக எழுதப்பட்ட சித்திரம் ஒருவருமே காணாத உலகத்தைக் காட்டுகிறது.

லியோனார்டோ டாவின்சி இதை நன்றாக அறிந்திருந்தார். லூவர் காட்சிச்சாலையிலுள்ள அவருடைய ஏழு சித்திரங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தவர்கள் 2010-ல் வெளியிட்ட முடிவின்படி, முகங்களின் நிழலுக்காக அவர் பூசிய வர்ண அடுக்குகள் சில இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர், இரண்டு மைக்ரோமீட்டர் கனமே உள்ளவை. அத்தனை அடுக்கும் சேர்ந்தும் 40 மைக்ரோமீட்டரைத் தாண்டவில்லை. இன்று லேயரின்மேல் லேயராக, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலான நிறத்தை ஏற்றிக்கொண்டு போகிற டிஜிட்டல் சித்திரக்காரர், தெரிந்தோ தெரியாமலோ அவருடைய சிஷ்யரே.

ஆனால் பின்னணி எழுதும் கலைக்கு ஆசான் யாரென்று என்னைக் கேட்டால், நான் டைரஸ் வாங்கின் பெயரைத்தான் சொல்வேன். 1910-ல் சீனத்துக் குவாங்டாங் மாகாணத்தில் பிறந்து, பாலிய வயதிலேயே தகப்பனாருடன் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அவர், 1938-ல் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில், பிரதான சித்திரக்காரர் எழுதிய இரு நிலைகளுக்கு இடைப்பட்ட அசைவுகளை வரைந்து நிரப்பும் சலிப்பு மிகுந்த உத்தியோகத்தில் அமர்ந்தார். மான்குட்டியின் கதையான 'பாம்பி'க்கு அப்போது அங்கே வனக்காட்சிகள் தயாராகிக்கொண்டிருந்தன. மெய்யான காட்டைப் பார்த்து, ஓர் இலையும் விடாமல் எழுதிய அந்தக் காட்சிகளின் நடுவே மானை நிறுத்தியபோது, மான் தழைக் கூட்டத்தில் காணாமலே போயிற்று. ஸோங் வம்ச காலத்து நிலக்காட்சிகளில் மனம் தோய்ந்திருந்த வாங், தாமாகவே சில சிறு சித்திரங்களை எழுதிக் காட்டினார்: மான் நிற்கும் வெளிச்சத் திட்டில் மட்டும் சில புற்களும் ஓரிரு கிளைகளும் வியக்தமாயிருக்க, அங்கிருந்து விலக விலக மரங்கள் பனியிலும் நிழலிலும் கரைந்து, ஓரங்களில் வெறும் பச்சையும் சாம்பலுமாக முடிந்துவிடுகிற காடு அது. பார்ப்பவர் மீதிக் காட்டைத் தம் மனத்திலேயே முளைப்பித்துக்கொள்கிறார். 1942-ல் வெளிவந்த அந்தப் படத்தின் தோற்றம் முழுவதும் இந்தச் சிறு சித்திரங்களிலிருந்து பிறந்ததே. எனினும் அதற்கு முன்னமே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார், படத்திலோ அவர் பெயர் பின்னணி எழுதியோர் பட்டியலில் ஒன்றாக மட்டுமே வந்தது.

நம் தேசத்திலும் இவ்வழி அந்நியமானதன்று. 1903-ல் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானியச் சித்திரக்காரர்களான யொகோயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்ஸோவும், கோட்டை விடுத்து மங்கிய நிறத்தால் எழுதியதற்காகத் தம் நாட்டில் ஏச்சு வாங்கியவர்கள். அவர்களிடம் கண்ட நுட்பத்தைத் தமதாக்கிக்கொண்ட அவனீந்திரநாத தாகூர், காகிதத்தையே நீரில் தோய்த்துத் தோய்த்து எழுதலானார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மென்மையே லக்ஷணம் என்று முடிவு கட்டி, பஞ்சு போன்ற ஏர்பிரஷ் ஒன்றாலேயே படம் முழுவதையும் தடவிவிடுகிறவர்களும் உண்டு. பெருங்காயம் மணக்கிறதென்று பாயசத்திலும் போடுவதுபோன்ற காரியம் இது. முகம் பிளாஸ்டிக் பொம்மையாகவும் மேகம் அடுப்புப் புகையாகவும் ஆகிவிடும். பின்னணியை ஒரு பில்டரால் ஒரே சீராக மங்கவைப்பதும் எனக்கு உவப்பானதன்று. லென்ஸ் அறிந்தது தூரம் ஒன்றையே. சித்திரக்காரன் அறிய வேண்டியது முக்கியத்துவத்தை. ஒரே முகத்தில், ஒரே தூரத்தில், வெயில் படும் நெற்றியைக் கத்தி வெட்டுப்போல நிறுத்தி, நிழலிலுள்ள கன்னத்தைப் பின்னணியோடு கலந்துவிட அவனுக்குச் சுதந்திரம் உண்டு. எந்தக் காமிராவுக்கும் அது இல்லை. லாஸோ என்னும் தேர்வுக் கருவியால் ஒரு வடிவத்தை வளைத்து, அதனுள் மென்மையான பிரஷை ஒரு புறமிருந்து வீசி, ஒரு விளிம்பு உறுதியாகவும் எதிர் விளிம்பு ஆவியாகவும் அமையும்படி எழுதுகிறவர்களைக் காணும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷம் சொல்லி முடியாதது. அதனினும் ஸூக்ஷ்மமான சாதுரியம் ஒன்றுண்டு. அடுத்தடுத்த இரு நிறங்களின் வெளிச்ச அளவைச் சமமாக்கிவிட்டால், நிறங்களைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் கருவியைத் தொடாமலே அவற்றின் இடைக்கோடு மறைந்துபோகும். வர்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால், அது எங்கே மறைந்தது, எங்கே வீணாகத் துருத்திக்கொண்டிருக்கிறது என்பது உடனே விளங்கும்.

அட்டைப்படம் எழுதச் சொல்லும் பத்திரிகாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. இப்படி எழுதப்பட்ட சித்திரம் உங்கள் மேஜைக்கு வரும்போது, "பின்னணி இன்னும் முடியவில்லையே" என்று அதைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்; எழுதியவர் அதை முடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்.