கையளிப்பு, இணைப்பு, குடியிருப்பு: புதுவை உடன்படிக்கைச் சொற்கள் குறித்து

புதுச்சேரி தன் அரசியல் மாற்றத்தை ஆண்டுக்கு இருமுறை நினைவுகூர்கிறது. நவம்பர் 1 விடுதலை நாள். ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வப் பரிமாற்ற நாள். முன்னது, 1954இல் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு வந்ததைக் குறிக்கிறது. பின்னது, 1962இல் அம்மாற்றம் சட்ட வடிவம் பெற்றதைக் குறிக்கிறது. இடையே ஏறத்தாழ எட்டாண்டுகள். அரசதந்திர மொழி இந்த இடைவெளியை டி ஃபாக்டோ, டி ஜூரே என்னும் இரு இலத்தீன் தொடர்களால் கடந்துவிடுகிறது. 'நடைமுறைப்படி', 'சட்டப்படி' எனப் பெயர்த்து வைத்துவிட்டு நாமும் கடந்துவிடுகிறோம். இத்தகைய சொற்களின் கீழ் வாழ்ந்த மனிதருக்கு அவை என்ன செய்தன என்று கேட்பது அரிதாகவே உள்ளது. அக்கேள்வியை இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

தமிழ் இத்துறைக்குப் புதிய மொழியன்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் பதினெட்டாம் நூற்றாண்டு நாட்குறிப்பில், ஓர் அரசின் சார்பில் மற்றோர் அரசிடம் பேசுபவர் 'வக்கீல்' எனப்படுகிறார். அரபு மூலத்தில் 'வகீல்' என்பவர் பிறருடைய பொறுப்பை ஏற்று அவருக்காகச் செயற்படுபவர். உறுதிமொழிப் பத்திரத்தைக் குறித்த 'கவுல்' என்பதும், 'சொல்' என்று பொருள்படும் அரபு மூலத்திலிருந்து வந்ததே. உடன்படிக்கை என்பது கொடுத்த வாக்கு என்னும் உணர்வு அந்தப் பெயரிலேயே தங்கியிருந்தது. இன்று வக்கீல் நீதிமன்றத்தோடு நின்றுவிட்டார், கவுல் வழக்கொழிந்தது.

உடன்படிக்கைச் சொற்கள் ஊர்களின் நிலையை எவ்வாறு மாற்றும் என்பதற்கு, கிருமாம்பாக்கம் அடங்கிய பாகூர்ப் பகுதியே சான்று. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு, தமக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரருக்கு 1749ஐ ஒட்டி வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை வழங்கினார். 1749இன் தொடக்கத்திற்குப் பின் சோழமண்டலக் கரையில் பெற்றவற்றின் மீது பிரான்சுக்கு உரிமையில்லை என்றது 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை. அதே உடன்படிக்கை, முஹம்மது அலியைக் கர்நாடகத்தின் 'முறையான' நவாபாகவும், ஸலாபத் ஜங்கைத் தக்காணத்தின் 'முறையான' சுபேதாராகவும் ஏற்றுக்கொண்டது. ஸலாபத் ஜங்கோ 1762லேயே தம்பி நிஜாம் அலியால் பதவி நீக்கப்பட்டிருந்தார். பாரிஸில் முறையான ஆட்சியாளராக விளங்கியவர் பீதர் கோட்டையில் கைதியாக இருந்தார். 1783இல் வெர்சாய் உடன்படிக்கையில், புதுச்சேரியின் 'சார்புநில'மாகப் பாகூரைப் பெற்றுத்தர ஆங்கிலேயர் உறுதியளித்தனர். இவ்வேற்பாடுகள் எவற்றிலும் பாகூர் உழவரின் விருப்பம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

விருப்பம் கேட்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. தொடர்புடைய மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் கையளிக்க இயலாது என்றது அதன் 27ஆம் பிரிவு. அதற்கேற்பச் சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்களே நேரடியாக வாக்களித்தனர். புதுவையில் நிகழ்ந்தது வேறு. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பகுதியைச் சேர்ந்த கீழூரில், சட்டமன்ற, நகரமன்ற உறுப்பினர்களான 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். இதனைப் 'பொதுவாக்கெடுப்பு' என்று எழுதுவது பொருந்தாது. அந்த முடிவின் மதிப்பைக் குறைப்பது நம் நோக்கமன்று. மக்களின் பேரலை எத்திசையில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் யாரிடம் கேட்கப்பட்டது என்பதையே மறைத்துவிடும் சொல், வரலாற்றுக்குப் பயன்படாது.

அடுத்து வருவது 'கையளிப்பு' என்னும் சொல். 1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் பெயரே கையளிப்பு உடன்படிக்கைதான். போராடியவர்களின் சொல் 'விடுதலை'; இந்திய அரசியலின் சொல் 'இணைப்பு'; சட்டத்தின் சொல்லோ 'கையளிப்பு'. உரியவன் மனமுவந்து கொடுத்தான் என்ற கருத்து அதில் பொதிந்துள்ளது. அவ்வாறு கொடுத்த பின்னரும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஏற்புறுதி ஆறாண்டுகள் தாமதமாயிற்று. அல்ஜீரியாவுக்கு இது முன்னுதாரணமாகிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கூறும் விளக்கம். அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலைத் திங்களிலேயே புதுவைக்கான ஏற்புறுதியும் வந்தது. அந்த அல்ஜீரியாவில் எட்டாண்டுகள் நடந்ததைப் 'போர்' என்றழைக்கப் பிரெஞ்சுச் சட்டம் 1999 அக்டோபர் வரை மறுத்தது. அதுவரை அது 'வட ஆப்பிரிக்காவில் மேற்கொண்ட நடவடிக்கைகள்' மட்டுமே. உயிரிழந்த இலட்சக்கணக்கானோரின் மீது இச்சொல் இட்ட திரை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதுவை மக்களின் வாழ்வை நேரடியாகத் தொட்ட சொல் 'குடியிருப்பு'. 1962 ஆகஸ்ட் 16 அன்று யார் எங்கே குடியிருந்தார் என்பதே குடியுரிமையை முடிவுசெய்தது. கிருமாம்பாக்கத்தில் பிரெஞ்சுக் குடிமக்களாகப் பிறந்த மூன்று சகோதரர்களை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் ஊரிலேயே இருக்கிறார். ஒருவர் கடலூரில் கடை வைத்திருக்கிறார். ஒருவர் சைகோனில் வாழ்கிறார். ஆறு திங்களுக்குள் எழுத்துமூலம் எதுவும் தெரிவிக்காவிடில் முதலிருவரும் இந்தியர், மூன்றாமவர் பிரெஞ்சுக்காரர். ஒரே தாய்மக்கள், ஒரே மௌனம். ஆனால் அந்த மௌனத்துக்கு உடன்படிக்கை இருவேறு பொருள் தந்தது. காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் இந்தோசீனாவுக்குச் சென்ற முஸ்லிம் குடும்பங்களுக்கு இது வெறும் சட்ட நுட்பமன்று. பேரப்பிள்ளைகளின் கடவுச்சீட்டுவரை தொடரும் செய்தி. இதனைக் 'குடியிருப்பு' என்ற அன்றாடச் சொல்லால் மட்டும் பெயர்க்கும்போது, அதற்குள்ளிருக்கும் தீர்ப்பு வாசகரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இச்சொற்களை மதிப்பிட நம் மரபில் ஓர் உரைகல் உண்டு. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, குறைஷியரின் தூதர் ஸுஹைல் இப்னு அம்ர் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை ஏற்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை நீக்கி, தம் பெயரையும் தந்தையின் பெயரையும் மட்டும் எழுதச் சம்மதித்தார்கள். மதிப்பைக் காட்டும் சொல் விட்டுக்கொடுக்கப்பட்டது. கட்டுப்படுத்தும் சொல்லோ, விலங்கோடு வந்து நின்ற அபூ ஜந்தல் (ரலி) அவர்களைத் திருப்பியனுப்ப நேர்ந்தபோதும் காக்கப்பட்டது. பின்னர் மக்காவிலிருந்து பெண்கள் வந்தபோது அவர்கள் திருப்பியனுப்பப்படவில்லை. அல்மும்தஹினா அத்தியாயம் அதற்கு வழிகாட்டியது. ஸஹீஹுல் புகாரியின் ஓர் அறிவிப்பில் ஒப்பந்த வாசகம் 'ஆடவர்' என்றே அமைந்திருப்பதை விரிவுரையாளர்களுள் ஒரு சாரார் சுட்டுவர். வாக்கின் எல்லை எதுவென்று துல்லியமாக அறிந்திருந்ததே அங்கு நலிந்தோருக்கு அரணாயிற்று.

ஒப்பந்தங்களில் கருதத்தக்கவை நோக்கமும் பொருளுமே, வெறும் சொற்களல்ல என்பது பிக்ஹு விதிகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உஸ்மானியர் தொகுத்த மஜல்லாவிலும் அது தொடக்க விதிகளிடையே இடம்பெற்றது. 1956க்கும் 1962க்கும் இடையே நடந்தது இதற்கு நேர்மாறானது. பொருள் என்றோ கைமாறிவிட்டது. மதிப்பைக் காட்டும் சொல் மட்டும் பாரிஸில் இறுகப் பிடித்துவைக்கப்பட்டது. அதன் விலையாகப் பாகூரிலும் காரைக்காலிலும் மக்கள் தாம் எந்நாட்டினர் என்று தெளிவாகச் சொல்ல முடியாமல் காத்திருந்தனர்.

அரசதந்திரச் சொற்களைத் தமிழாக்குவோரிடம் நாம் வேண்டுவது இதுதான். இலத்தீனுக்கோ பிரெஞ்சுக்கோ நிகரான ஒரு சொல்லைக் கண்டுபிடித்த அளவில் பணி முடிந்துவிடுவதில்லை. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், யாரிடம் கேட்கப்பட்டது, பேசாதிருந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பனவற்றையும் விளக்கம் சொல்ல வேண்டும். பாலஸ்தீனம் முதலாக இன்றும் எத்தனையோ நிலங்களின் தலைவிதி 'இடைக்காலம்', 'நடைமுறைப்படி' போன்ற சொற்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அவற்றைப் படித்தறிவதற்கான பயிற்சியைக் கீழூரிலிருந்தும் கிருமாம்பாக்கத்திலிருந்தும் நாம் தொடங்கலாம்.