சொல்லின் பலமும் பொருளும்: கணினி விளையாட்டு ஒன்றை முன்வைத்து

இலக்கியச் சஞ்சிகையொன்றில் கணினி விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அதில் கதை இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கின்றன, ஒவ்வோர் அடியும் சொல்லால்தான் நகர்கிறது. எனக்கு அது போதுமாக இருக்கிறது.

பொப்கெப் நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'புக்வோர்ம் அட்வெஞ்சர்ஸ்' என்ற ஆங்கில விளையாட்டையே குறிப்பிடுகிறேன். எமது பாடசாலையின் பழைய கணினியொன்றில் அது கிடந்தது. லெக்ஸ் என்ற புத்தகப் புழு நூல்களுக்குள் புகுந்து பூதங்களோடும் அரக்கர்களோடும் போராடுகிறது. அதன் கையில் வாள் இல்லை. திரையில் நாலுக்கு நாலாக 16 எழுத்துக்கள் இருக்கும். அவற்றில் விரும்பியவற்றைப் பொறுக்கி, மூன்றெழுத்துக்குக் குறையாத சொல்லொன்றை அமைத்தால் எதிரிக்கு அடி விழும். சொல் நீள நீள அடியும் பெரிதாகும். கியூ, எக்ஸ், இஸட் போன்ற அரிய எழுத்துக்களுக்குப் பலம் அதிகம். சொல் ஒன்றும் கைகூடாவிட்டால் எழுத்துக்களைக் கலைத்துப் புதியவற்றைப் பெறலாம். ஆனால் அதற்கு விலையாக எமது முறை போய்விடும். வெல்ல வெல்ல லெக்ஸின் நிலை உயர்கிறது, மந்திரப் பொருட்கள் சேர்கின்றன.

இதில் என்னைக் கவர்ந்த அம்சம் எதிரியின் போர்முறை. அவன் லெக்ஸை மட்டும் தாக்குவதில்லை. எழுத்துக்களையும் பூட்டுகிறான், உடைக்கிறான். (எழுதுபவனை அடக்குவதற்கு முன் எழுத்தைப் பூட்டுவது புதிய உத்தியல்லவே!) அந்த நெருக்கடியில் எஞ்சிய எழுத்துக்களை வைத்துக்கொண்டு சொல்தேடும் நிமிடங்கள் உண்மையான சொற்பயிற்சி எனலாம்.

விளையாட்டில் மூன்று புத்தகங்கள் உண்டு. முதலாவது கிரேக்கப் புராணம், மூன்றாவது திகில் கதையுலகம். இரண்டாவது நமக்கு நெருக்கமான ஆயிரத்தொரு இரவுகள். நம் நாட்டுக்கும் அதில் பங்குண்டு. சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து, மலைக்கடியில் ஓடும் ஆற்றில் மிதந்துவந்து கரைசேர்ந்தது ஸரந்தீபில்தான். அந்நாட்டு மன்னன் ஹாரூன் ரஷீத் கலீபாவுக்கு அவனிடம் பரிசில்கள் கொடுத்தனுப்பியதாகக் கதை சொல்கிறது.

என் மனக்குறை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. அந்நூலில் ஷஹ்ரஸாத் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறாள்? தலைக்குமேல் தொங்கும் வாளைத் தள்ளிப்போடுவதற்கு. அவள் சொன்னவை நீளமான சொற்கள் என்பதால் மன்னன் காத்திருக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அறியவே காத்திருந்தான். வாளுக்கு எதிராகச் சொல் நின்ற அந்த நூலுக்குள்ளேயே விளையாட்டு சொல்லை வாளாக்கிவிடுகிறது. 1704இல் தொடங்கிய அந்துவான் கலானின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்குப் பின் ஐரோப்பா இந்நூலை விளக்கும் பூதமும் பறக்கும் கம்பளமுமாகவே பெரிதும் நுகர்ந்து வந்திருக்கிறது. அலாவுதீன், அலிபாபா கதைகளைக் கலானுக்குச் சொன்னவர் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பதைக்கூட நீண்டகாலம் பலரும் கவனிக்கவில்லை. விளையாட்டும் அதே சந்தைச் சரக்கைத்தான் எடுத்திருக்கிறது.

நியாயமாகச் சொல்வதானால், நிறப்பெயர், உலோகப்பெயர் போன்ற சில வகைச் சொற்களுக்கு மேலதிக பலம் கொடுக்கும் இடங்களும் உண்டு. அங்கும் சொல்லின் இனம்தான் கணக்கு; அது என்ன சொல்கிறது என்பதல்ல.

தரம் ஒன்பது மாணவன் ஒருவன், வாசிப்பில் பின்தங்கியவன், இதில் கெட்டிக்காரனாகிவிட்டான். செல்லுபடியாகும் சொல் அமைந்ததும் திரை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பொருள் தெரியாமலே எழுத்துக்களைக் கோத்துப் பார்க்கலாம். ஒருநாள் 'எக்ஸைல்' என்று அடித்து அரக்கனைச் சாய்த்தான். அர்த்தம் கேட்டேன். "தெரியாது சேர், எக்ஸ் இருக்கு, நல்லா அடிக்கும்" என்றான். அவனுடைய உம்மம்மா 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவர். நானும் பத்து வயதில் அப்படி வந்தவன்தான். அர்த்தத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உம்மம்மா சொல்றதா?" என்று கேட்டான். மறுநாள் அவளிடம் கேட்டு எழுதிவந்த அரைப்பக்கத்தில் பதினான்கு எழுத்துப் பிழைகள். அவன் தானாக எழுதிய முதலாவது கட்டுரை அது.

இந்த அரைப்பக்கத்துக்கு விளையாட்டு காரணம் என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் சொல்லை அவன் கையில் கொடுத்தது அதுதான்.

2009இல் வந்த இரண்டாம் பாகம் தேவதைக் கதைகளுக்கும் சீனக் குரங்கு அரசனுக்கும் போகிறது, முறை பழையதே.

தமிழில் இப்படியொன்று செய்யலாமே என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். 26 எழுத்துக்கு 16 கட்டம் போதும். எமது 247 எழுத்துக்களையும் என்ன செய்வது? உயிரையும் மெய்யையும் தனித்தனியே கொடுத்து, பிள்ளையே அவற்றைச் சேர்க்கட்டும் என்பது என் யோசனை. புணர்ச்சி விதியும் கூடவே படியும். நீளத்துக்குப் பரிசு என்ற விதியை மட்டும் முதலில் கைவிட வேண்டும். இல்லாவிட்டால் 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்று ஒரே அடியில் எந்தப் பூதத்தையும் முடித்துவிடலாம்.