கொம்பனைக் கவிழ்த்த குட்டி நாய்

எழுபதைத் தாண்டிய எங்கள் அம்மாயி டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "கடி சாமி, விடாதே!" என்று கத்தல் வேறு. திரையில் பொன்னாச்சி என்கிற துளியூண்டு நாய்க்குட்டி, கொம்பன் என்கிற ராட்சதக் காட்டுப்பன்றியைக் கடிக்கக்கூடாத இடத்தில் கடித்துக்கொண்டு தொங்குகிறது. சங்கரின் ஈட்டி பாய்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது!

'பொன்னிவள நாடு' அனிமேஷன் தொடரைத்தான் சொல்கிறேன். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளைப் பற்றிய நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் சாமி கதை, 26 பாகம். எடுத்தவர் யார் தெரியுமா? கனடாவின் மானுடவியலாளர் பிரெண்டா பெக். 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் 18 இரவு பாடியதை டேப்பில் பிடித்தவர். அந்தப் பாட்டுதான் பல வருஷம் கழித்துப் படமாகியிருக்கிறது. பொம்மலாட்டம் மாதிரி ஓவியங்கள். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்.

பழங்கதைகள் படமாவதை முன்பும் பார்த்திருக்கிறேன். 2004-ல் கிரேக்கப் போர்க் கதையான 'டிராய்' வந்தபோது கோவைத் தியேட்டரில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன் நான். ஆனால் அதில் ஒலிம்பஸ் சாமிகளை ஓரங்கட்டிவிட்டுத்தான் சண்டையே நடந்தது. 2011-ல் கலைஞர் கதையில், பிரசாந்த் இரட்டை வேடத்தில் 'பொன்னர் சங்கர்' வந்தது. கோட்டை, குதிரை எல்லாம் பிரமாதம். ஆனாலும் அது ராஜா கதை. அம்மாயி சொன்ன காட்டுக் கதை இல்லை. இந்தத் தொடரில்தான் அண்ணன்மாரின் தாய் தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவம் இருக்கிறாள், சிவன் வருகிறார், தங்கை தங்காள் சொன்னது பலிக்கிறது, நாய்க்குட்டிகூடக் கோபித்துக்கொள்கிறது.

அந்தக் கோபம்தான் எனக்கு உயிர். பெரிய நாய்களையெல்லாம் வேட்டைக்குக் கூட்டிப்போனவர்கள் பொன்னாச்சியை விட்டுவிட்டார்கள். அப்புறம் வேட்டை விளங்கவே இல்லை. கிரேக்கத்திலும் இப்படியொரு பன்றி உண்டு. கலிடோன் ராஜா அறுவடைப் படையலில் ஆர்ட்டெமிஸ் தேவியை மறந்துவிட, அவள் ஏவிய பன்றி நாட்டையே நாசம் செய்தது. அங்கே மறந்தது தெய்வத்தை. இங்கே மறந்தது ஒரு குட்டி நாயை. நம்ம ஊர்க் கணக்கு எவ்வளவு உசத்தி பாருங்கள்!

படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து, தங்காள் தேடிக்கொண்டு வரும் பாகத்தில் அம்மாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும், "எல்லாஞ் சரி கண்ணு, உடுக்கைச் சத்தம் இன்னுங் கொஞ்சம் வெச்சிருக்கலாம்" என்றார். அவர் சொன்ன ஒரே குறை அதுதான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். படத்தில் இல்லாத பாதிக் கதை அவர்களிடம் இருக்கிறது.