புல்லை முடிந்து போட்டவர்கள்

தமிழில் மலையேற்றக் கட்டுரைகளுக்கென்று ஒரு அச்சு உருவாகிவிட்டது. ஐ.டி. வேலையின் அலுப்பு ஒரு பத்தி, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுவது ஒரு பத்தி, அப்புறம் மூச்சிரைப்பு, பனிமூட்டம், உச்சியில் கிடைக்கும் மௌனம், கடைசியில் தன்னையே கண்டுகொண்டதாக ஒரு பெருமூச்சு. கூட வந்த பதினைந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் பெயர் இருக்கும். முன்னால் நடந்த உள்ளூர்க்காரர் 'வழிகாட்டி அண்ணா'வாக ஒரு வரியில் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போவார். எங்கே கால் வழுக்கும், தண்ணீர் எங்கே தீர்ந்துபோகும், எத்தனை மணிக்கு மேல் இறங்கக் கூடாது என்பதெல்லாம் இருக்காது. அதெல்லாம் இலக்கியத்தின் வேலை இல்லை என்று நமக்குள் எப்படியோ ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது.

எனக்குத் தகராறு அந்த எண்ணத்தோடுதான். ஒரு கூட்டமாக மலைக்குப் போகிறவர்களைப் பற்றித் தமிழில் இருக்கும் மிகச் சிறந்த படைப்பு, முக்கால்வாசி எச்சரிக்கைகளால் ஆனது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயரும் உண்டு. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற ஒரு கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் குழுவிடம் வழி சொல்கிறான். அவ்வளவுதான் கதை. அதில் வரும் நவிரமலைதான் இன்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் ஏறும் பர்வதமலை என்கிறார்கள். எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பசங்க வேன் பிடித்துப் போய் வருகிற அதே மலை.

இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது மலையில் கேட்கும் ஓசைகளின் பட்டியலை. அருவிச் சத்தம், யானைச் சத்தம், தினை குத்துகிற பெண்களின் பாட்டு. நல்ல பகுதிதான். நச்சினார்க்கினியர் காலத்திலிருந்து பாட்டின் பெயருக்கான விளக்கமே அந்த ஓசைகளைச் சுற்றித்தான் போகிறது. ஆனால் அதை மட்டும் வெட்டி எடுத்து 'சங்க இலக்கியத்தில் இயற்கை' என்று சட்டம் போட்டு மாட்டும்போது, பாட்டின் முதுகெலும்பு கழன்றுவிடுகிறது. இந்தப் பாட்டு நடப்பதே ஏவல் வினைகளில். பன்றிக்குக் கல்பொறி வைத்திருக்கிறார்கள், இருட்டில் போகாதீர்கள், விடியட்டும். தினைப்புனக் காவலர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். வழுக்குகிற நீர்க்கரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கடங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இது: வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள், வரிசையாகப் போகிற கால்கள் தடம் மாறிவிடும். செல்ஃபி காலத்துக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அழகைப் பார்க்காதே என்று அவன் சொல்லவில்லை. காட்சிகளை அவனே வரிவரியாக வர்ணித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறான். அங்கே என்ன இருக்கிறது, அது எவ்வளவு இழுக்கும் என்று போய் வந்தவனுக்குத் தெரியும். வர்ணனையே எச்சரிக்கையின் ஒரு பாகமாகிவிடுகிறது. நம் கட்டுரைகளில் வர்ணனை எழுதியவரின் உணர்ச்சிக்குச் சாட்சி, இங்கே கேட்பவரின் காலுக்குக் காவல்.

யாரிடம் பேசுகிறோம் என்பதும் அவனுக்குத் தெரியும். குழுவில் விறலியர் இருக்கிறார்கள். கல்லில் மோதி நொந்த அவர்களுடைய சின்னப் பாதங்களுக்கு, களைத்த நாயின் நாக்கை உவமை சொல்கிறார் புலவர். பெண் பாதத்துக்குத் தாமரையைத் தேடி ஓடாத ஒரு கண். பாடல் முழுக்க 'நீங்கள்'தான், 'நான்' மிகக் குறைவு. அவனும் இதே மலையில் கஷ்டப்பட்டுத்தான் போய்வந்திருக்க வேண்டும். அதைப் பற்றி மூச்சே விடமாட்டான்.

என் வேலையில் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு, ரன்புக் என்போம். நடுராத்திரி சர்வர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்த ஷிப்ட்டுக்காக எழுதி வைப்பது. அதைப் படிக்கப் போகிறவன் தூக்கக் கலக்கத்தில், பயத்தில் இருப்பான் என்று நினைத்து எழுதியதா, மேனேஜருக்காக எழுதியதா என்று நாலு வரியிலேயே தெரிந்துவிடும். மலைபடுகடாம் முதல் வகை. வழி தவறினால் அகன்ற பாறையில் நின்று வாத்தியங்களை வாசியுங்கள், சத்தம் கேட்டுக் கானவர்கள் வந்து உதவுவார்கள் என்கிறது. தோளில் சுமந்து வரும் தொழில் கருவியே ஆபத்தில் கூப்பிடு குரலாகிறது. பிரிகிற பாதைகளில், தடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறது, பின்னால் வரும் புதியவர்களுக்காக. இன்னும் மலையேறவே தொடங்காத குழுவிடம், அடுத்து வரப்போகிற குழுவைப் பற்றிப் பேசுகிறான்!

இதைப் படிக்கும்போதெல்லாம் குரங்கணி நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. ஒன்று சென்னை மலையேற்றக் குழு வழியாக மகளிர் தினத்தையொட்டி வந்தது, பெரும்பாலும் பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில், நாள்கணக்கில் போராடிய பிறகு. என் வயதுக்காரர்கள், என் மாதிரி வேலைக்காரர்கள்.

பழம்பாட்டு படித்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது அபத்தம், அநாகரிகமும்கூட. நான் சொல்வது அதற்குப் பிறகு நாம் எழுதியதைப் பற்றி. மலை அவர்களைத் தன்னோடு எடுத்துக்கொண்டது, இயற்கையின் சீற்றம், நெருப்பில் கரைந்த பறவைகள் என்று அஞ்சலிகள் வந்து குவிந்தன. மார்ச் மாதத்தில், காய்ந்த புல் உயர்ந்து நிற்கும் சரிவில் தீ பிடிப்பது சீற்றம் இல்லை. அதற்குப் பருவம் உண்டு, திசை உண்டு. சமதரையைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும், புல் எரிந்து முடிந்த தரையில் மறுபடி பிடிக்க ஒன்றும் இருக்காது. கீழே இருக்கும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த இந்த விஷயங்களில் ஒன்றுகூட அந்த அஞ்சலிகளில் இல்லை. அழுகையில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் அழுகையின் மொழி, எப்படி நடந்தது என்ற கேள்வியை மூடிவிட்டால் அதை விமர்சிக்கத்தான் வேண்டும்.

வடசென்னையில் வளர்ந்தவனுக்கு இது மலையோடு முடிகிற விஷயம் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அந்த நேரத்தில் வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அதற்குக் குறுக்கே எப்படிப் போவது. முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லும் வாக்கியம். அப்படி ஒரு வாக்கியத்தைக் கவிதையாக ஆக்கத் தெரிந்த மொழியில், இன்று அது 'அபாயம்' என்று எழுதிய துருப்பிடித்த போர்டாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பாட்டில் குறை இல்லாமல் இல்லை. நன்னனின் ஊர் வந்ததும் நடை தளர்ந்துவிடுகிறது. கொடை, புகழ், பரிசு எல்லாம் மற்ற ஆற்றுப்படைகளிலும் பார்த்தவைதான். பாதையில் ஒவ்வொரு கல்லுக்கும் இருந்த தனித்தன்மை அரண்மனையில் இல்லை. நான் அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவேன்.

முழுதாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தது நச்சினார்க்கினியர் உரையோடு. அந்த உரை சொற்களை எங்கிருந்தோ எங்கோ கொண்டுபோய் முடிச்சுப் போடும், முதல் வாசிப்பில் தலை சுற்றும். பொ.வே. சோமசுந்தரனார் உரை எளிது. அதிலும் ஓசைப் பட்டியலில் தொடங்க வேண்டாம். பன்றிப்பொறி வரும் இடத்திலிருந்து, சத்தமாக, இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்துப் பாருங்கள்.