வெக்கையில் ஒரு சைக்கிள்

டேனி மெக்காஸ்கில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஸ்கை தீவின் கூலின் மலைமுகட்டில் சைக்கிள் ஓட்டும் குறும்படம் ஒன்று உண்டு. பெயர் 'தி ரிட்ஜ்'. ஸ்டூ தாம்சன் இயக்கம், 2014இல் வெளிவந்தது. ஏழெட்டு நிமிடம்தான். இரண்டு பக்கமும் அதலபாதாளம், நடுவில் கத்தி விளிம்பு மாதிரிப் பாறை, அதன்மேல் ஒரு மனிதனும் ஒரு சைக்கிளும். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை ஏறுகிறார். இறங்கி வரும்போது குறுக்கே ஒரு முள்கம்பி வேலி. அதையும் சைக்கிளோடு குட்டிக்கரணம் அடித்துத் தாண்டிவிடுகிறார்.

அருப்புக்கோட்டையில் டீக்கடை பெஞ்சில் நாங்கள் நான்கு பேர் ஒரே செல்போனில் இதைப் பார்த்தோம். முடிந்ததும் ஒருத்தன் கேட்டான், "மாப்ள, நம்ம ஊர்ல இப்படி எங்கடா ஓட்டுறது?" சிரித்துவிட்டோம். இங்கிருந்து திருச்சுழி வரைக்கும் எங்களுக்குத் தெரிந்த மேடு கண்மாய்க் கரைதான்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு விடியலில் கிளம்பினோம். இரண்டு கியர் வண்டி, இரண்டு பழைய வீட்டு வண்டி. தார்ச்சாலையை விட்டுக் கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, கரிமூட்டம் போடும் காடு என்று போனோம். மூன்று தடவை பஞ்சர். எல்லாம் சீமைக்கருவேல முள். குண்டாற்று மணலில் வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. இருந்தும் அவ்வளவு சந்தோஷம்.

திரும்பி வந்து அதை எழுத உட்கார்ந்தேன். நாலு பத்தி தாண்டவில்லை. நாங்கள் சிரித்தபடி போன அந்த நிலத்தை எழுத ஆரம்பித்தால் வாக்கியங்கள் தாமாகவே வறட்சி, பஞ்சம், இடப்பெயர்வு என்று போய்விடுகின்றன. அந்தச் சொற்கள் பொய்யில்லை. ஆனால் அன்றைய காலை அவற்றுக்குள் அடங்கவில்லை.

கரிசல் இலக்கியம் என்று நாம் கொண்டாடுவதை இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்துப் பார்க்கலாம். அதில் மண்ணைப் பற்றிய அறிவுக்குக் குறைவே இல்லை. ஆனால் மனிதர்கள் வெட்டவெளிக்கு எதற்காக வருகிறார்கள்? வேலைக்காக வருகிறார்கள், இல்லையென்றால் தப்பி ஓட வருகிறார்கள். சும்மா சுற்ற யாராவது வருகிறார்களா? இந்த வட்டாரத்து மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் 'தேசாந்திரி'யைப் படித்துத்தான் என் வயதுக்காரர்கள் பலருக்கு ஊர்சுற்றும் ஆசையே வந்தது. அந்தப் புத்தகத்துக்கு நான் கடன்பட்டவன். ஆனால் என் வாசிப்பில், அதில் பயணம் செய்கிறவர் பெரும்பாலும் தனி ஆள். அவருடைய நடைக்குத் தியானத்தின் சாயல் உண்டு. நாலு பேர் சேர்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஒருத்தனை ஒருத்தன் ஓட்டுகிற சத்தத்துக்கு அங்கே இடமில்லை.

பூமணியின் 'வெக்கை' மட்டும் இந்தக் கணக்குக்குள் வர மறுக்கிறது. 1982இல் வந்த நாவல். பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒரு கொலையைச் செய்துவிட்டு அய்யாவோடு எட்டு நாள் காடு மலையென்று மறைந்து திரிகிறான். நாம் இதைப் பழிவாங்கல் கதையாகவே படித்துவந்திருக்கிறோம். 2019இல் 'அசுரன்' வந்தபிறகு அந்த வாசிப்பு இன்னும் கெட்டியாகிவிட்டது. படத்தின் கனம் தகப்பனின் முன்கதையில் இருக்கிறது, காடு அதற்குப் பின்னணி. நாவலிலோ காடுதான் நடுவில் இருக்கிறது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே படுக்கலாம், எதை வைத்துப் பொங்கலாம் என்று பக்கம் பக்கமாகத் தகப்பனும் மகனும் வெளியில் வாழ்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு இந்த நாவலைக் கொடுத்தேன். படித்துவிட்டு அவன் சொன்னான், "எட்டு நாள் சுத்துறான்ல, அதுல கொஞ்ச நேரமாச்சும் சந்தோஷமாத்தான்டா சுத்திருப்பான்." வெக்கையைப் பற்றி நான் கேட்ட நல்ல விமர்சனங்களில் இது ஒன்று. உண்மையில் அந்த நாவலில் பயத்துக்கு நடுவே ஒரு பையனின் குதூகலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பூமணி அதை மறைக்கவில்லை. நாம்தான் அதைப் பார்க்கக் கூச்சப்பட்டோம். துயரத்தில் இருப்பவனுக்குச் சந்தோஷத்தையும் சேர்த்துக் கொடுத்தால் துயரம் குறைந்துவிடும் என்று பயந்தோம்.

அதற்காக வெக்கையைச் சாகச நாவல் என்று சொல்லிவிட முடியாது. மெக்காஸ்கில் விழுந்தால் சாவார், அது நிஜமான ஆபத்துதான். ஆனால் இறங்கி வந்தால் அவருக்கு வீடு இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. சிதம்பரம் காட்டை விட்டு இறங்கினால் போகவேண்டிய இடம் கோர்ட்டு. திரும்பிப் போக ஒரு வீடு இருந்தால்தான் ஆபத்துக்குச் சாகசம் என்று பெயர் வைக்க முடிகிறது.

இந்த வித்தியாசத்தை ஸ்காட்லாந்து பணக்கார நாடு, நாம் ஏழைகள் என்று சுருக்கிவிடக் கூடாது. அதே ஸ்கை தீவில் 1882இல் பிரேஸ் பகுதிக் குடியானவர்கள் பென் லீ என்ற மலையில் தங்கள் மேய்ச்சல் உரிமையைத் திருப்பிக் கேட்டு ஜமீனோடு மோதினார்கள். கிளாஸ்கோவிலிருந்து போலீஸ் வந்தது. ஆண்களும் பெண்களும் எதிர்த்து நின்றார்கள். 1886இல் குடியானவர்களுக்கான சட்டம் வந்தது. பிறகு 2003இன் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை உண்டு என்றது. வேலி தாண்டும் அந்தக் குட்டிக்கரணத்துக்குப் பின்னால் இத்தனை வருடச் சண்டை இருக்கிறது. 'தி ரிட்ஜ்' அதில் எதையும் சொல்லவில்லை. அதன் மலை யாருக்கும் சொந்தமில்லாத மலை மாதிரி, யாருமே சண்டை போடாத மலை மாதிரித் தெரிகிறது. படத்தின் அழகும் குறையும் இதுதான்.

நம் பக்கமும் சைக்கிளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர் எடுக்க உதவியது, சந்தைக்குப் போக உதவியது என்று அதன் பயனைத்தான் அதிகம் பேசுகிறோம். ஹேண்டில்பாரை விட்டு ஒரு கையை எடுத்துப் பார்த்த சந்தோஷத்தை யார் எழுதினார்கள்?

இப்போது நான் எழுதாமல் விட்ட இடத்துக்கு வருகிறேன். அன்றைக்குத் திரும்பும் வழியில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். தெரு ஆரம்பித்ததும் எங்களில் ஒருவன் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தான். பஞ்சரோ என்று நினைத்தோம். தெரு முடிந்ததும் ஏறிக்கொண்டான். கேட்டதற்குச் சொன்னான்: "இங்கெல்லாம் இறங்கித்தான் போகணும்னு தாத்தா சொல்லுவாரு. இப்ப யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்கடா. கால் தானா இறங்குது." வெக்கையைப் படித்துவிட்டு "சந்தோஷமாத்தான்டா சுத்திருப்பான்" என்று சொன்னதும் இவன்தான்.

என் கட்டுரை ஏன் நின்றது என்று அப்போது புரிந்தது. அந்தக் காலையை வெறும் ஜாலியாக எழுதினால் அந்தத் தெரு விடுபடும். தெருவை மட்டும் எழுதினால் கண்மாய்க் கரையில் அவன்தான் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு கத்தியபடி போனான் என்பது விடுபடும்.

ஸ்காட்லாந்திலேயே நேன் ஷெப்பர்டின் 'தி லிவிங் மவுண்டன்' இருக்கிறது. 1940களில் எழுதி, 1977இல்தான் அச்சானது. உச்சியைத் தொடுவதை அவர் பெரிதாக எண்ணவில்லை. ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போய் அதற்குள் நடக்கிறார். உச்சியே இல்லாத எங்கள் பொட்டல்காட்டுக்கு 'தி ரிட்ஜை' விட இந்த வழிதான் பொருந்தும். லீவு கிடைத்தால் கொடைக்கானலுக்கு ஓடி, அங்கே போனால்தான் இயற்கை என்று ரீல்ஸ் போடுகிறோமே, அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

அடுத்த ஞாயிறும் அதே பாதைதான். இந்தத் தடவை எழுதப்போவது அவன். நான் பஞ்சர் ஒட்டுகிறேன்.